காமாலை கூடினால் தண்ணீர் கெட்டதென்று அர்த்தமா? தில்லியில் ஹெபடைடிஸ் ஏ-யை எண்ணும் விதம்

கல்லீரலைத் தாக்கி, அசுத்தத் தண்ணீர் வழியாகவும் உணவு வழியாகவும் பரவும் வைரஸ் நோய் ஹெபடைடிஸ் ஏ. ஓர் ஊரில் அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஆஸ்பத்திரிக்கு மஞ்சள் காமாலையோடு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணினால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மழைக்காலம் முடிகிற சமயத்தில் தில்லிப் பத்திரிகைகளில் வரும் செய்திகளும் அந்த எண்ணிக்கையைத்தான் சொல்கின்றன. போன வருஷத்தைவிட இத்தனை பேர் கூடுதல், ஆகவே தண்ணீர் மோசம். அல்லது இத்தனை பேர் குறைவு, ஆகவே நிலைமை தேவலை. இந்த ஒரு நோயைப் பொறுத்தவரை இரண்டு முடிவுமே தலைகீழாக இருக்கக்கூடும்.

காரணம், தொற்றின் கடுமை ஆளின் வயதைப் பொறுத்தது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தொற்றினால் பெரும்பாலும் வெளியே ஒன்றுமே தெரியாது. இரண்டு நாள் உடம்பு கதகதவென்று இருக்கும், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடும், பிறகு எழுந்து விளையாடப் போய்விடும். அந்த வயதில் கண் மஞ்சளாவது 100-க்கு 10 பேருக்கும் குறைவு. 6 முதல் 14 வயதுக்குள் என்றால் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காமாலை வரும். அதற்கு மேற்பட்ட வயதில் 100-க்கு 70, 80 பேருக்கு வந்துவிடும். 50 வயதைத் தாண்டி நோய்ப்பட்டவர்களில் 100-க்கு ஏறக்குறைய 2 பேர் இறக்கிறார்கள். ஒரு முறை தொற்றிப் போனால் மட்டும் ஆயுசுக்கும் திரும்பி வராது. ஹெபடைடிஸ் பி, சி போலக் கல்லீரலிலேயே தங்கி வருஷக்கணக்கில் அரிப்பதும் இதில் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பகுதியில் வருஷத்துக்கு 1000 பேருக்குத் தொற்றுகிறது, எல்லாரும் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். காமாலை என்று ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஏறுவது 100 பேருக்கும் குறைவு. இருபது வருஷத்தில் அங்கே புதுக் குழாய் வருகிறது, வீட்டுக்கு வீடு கழிவறை வருகிறது, தொற்று 200 ஆகக் குறைகிறது. ஆனால் சின்ன வயதில் தப்பியவர்கள் இப்போது இருபது, இருபத்தைந்து வயதில் மாட்டிக்கொள்கிறார்கள். 200 பேரில் 140 பேருக்காவது கண் மஞ்சளாகும். தொற்று ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது, பதிவேட்டுக் கணக்கோ ஒன்றரை மடங்கு ஏறிவிட்டது. வருபவர்களும் குழந்தைகள் அல்ல, ஒரு மாதம் வேலைக்குப் போக முடியாமல் படுத்துக்கிடக்கும் வளர்ந்தவர்கள்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. ஷாங்காயில் 1988-ல் அசுத்த நீரில் வளர்ந்த சிப்பிகளைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டதில் ஏறக்குறைய 3 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் ஏ வந்தது. நோய்ப்பட்டவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். குழந்தைப் பருவத்தில் வைரஸைச் சந்திக்காத ஒரு தலைமுறை அந்த நகரத்தில் வளர்ந்து நின்றது, அது யாருக்கும் தெரியாமலே இருந்தது. நமக்குப் பக்கத்தில் பார்த்தால், 2024-ல் கேரளாவில் மலப்புரத்திலும் எர்ணாகுளம் மாவட்டத்து வெங்கூரிலும் பரவியபோது வளர்ந்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் படுத்தார்கள், உயிர்ச்சேதமும் ஆனது. கழிவறை வசதியில் நாட்டுக்கே முன்னால் நிற்கும் மாநிலம் அது.

ஆகவே, எண்ண வேண்டியது மஞ்சள் கண்களை அல்ல, ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடியை, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பே உண்டாக்கும் புரதத்தை. அதையும் மொத்தமாக எண்ணினால் பிரயோஜனம் இல்லை. வயதுவாரியாக, வட்டாரவாரியாக எண்ண வேண்டும். தில்லி மாதிரி ஊரில் இந்த இரண்டாவது நிபந்தனைதான் உயிர்நாடி என்பது என் கருத்து.

முதலில் பரிசோதனையைப் பார்த்துவிடுவோம். இரண்டு வகை ஆன்டிபாடி உண்டு. ஐஜிஎம் என்பது புதிதாகத் தொற்றியவுடன் தோன்றி, சில மாதங்களில், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள், மறைந்துவிடும். இப்போது படுத்திருப்பவருக்கு வந்திருப்பது ஏ தானா என்று சொல்வது அது. ஐஜிஜி பிறகு வந்து ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். எப்போதோ தொற்றியது என்பதற்கு அது சாட்சி, இனி வராது என்பதற்கும் அதுவே சாட்சி. மக்களிடையே கணக்கெடுக்கும்போது பெரும்பாலும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் எலைசா பரிசோதனையைப் பயன்படுத்துகிறார்கள். 96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. குழிக்கு ஒருவருடைய சீரத்தை, அதாவது ரத்த அணுக்களை நீக்கிய தெளிந்த நீரை, ஒரு சொட்டு விட்டு, மற்ற திரவங்களைச் சேர்த்துக் காத்திருந்தால் நிறம் வரும். இதற்கான கிட்கள் பலவும் போட்டி முறையில் வேலை செய்பவை. அதாவது, ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தால் அது இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நிறம் மங்கும். இல்லாவிட்டால் பளிச்சென்று ஏறும். வழக்கமாக லேபில் நிறம் ஏறினால் பாசிட்டிவ் என்று பழகிய கண்ணுக்கு இது நேரெதிர். இங்கே பளிச்சென்ற குழிதான் கவலைப்பட வேண்டிய ஆள், அவர் உடம்பில் பாதுகாப்பு ஒன்றும் இல்லை.

இப்படிக் கிடைத்த விடையை வயதுப்படி அடுக்கினால் ஒரு கோடு கிடைக்கும். ஐந்து வயதில் எத்தனை சதவீதம், பத்தில் எத்தனை, பதினைந்தில் எத்தனை என்று. உலக சுகாதார நிறுவனம் இந்தக் கோட்டை வைத்துத்தான் ஊர்களைத் தரம் பிரிக்கிறது. பத்து வயதுக்குள் 90 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி வந்துவிட்டால் பரவல் மிக அதிகம். பத்து வயதில் 90-ஐ எட்டாமல், 15 வயதுக்குள் பாதியாவது தாண்டிவிட்டால் நடுத்தரம். 15 வயதில் பாதிக்கும் குறைவு, 30-க்குள் பாதி என்றால் குறைவு. முப்பதிலும் பாதியை எட்டாவிட்டால் மிகக் குறைவு. காமாலைக்காரர்கள் அதிகம் தெரிவது இந்த வரிசையின் உச்சியிலும் இல்லை, அடியிலும் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்ட ஊர்களில்தான்.

இந்தக் கோட்டிலிருந்து இன்னொன்றையும் கணக்கிடலாம். ஐந்து வயதில் பாதிக் குழந்தைகளுக்கு ஆன்டிபாடி இருக்கிறது, அதுவரை தொற்றும் வேகம் ஒரே மாதிரி இருந்தது என்று கொண்டால், தொற்றாத குழந்தைக்கு ஒரு வருஷத்தில் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 13 சதவீதம். அந்தப் பாதி பதினைந்து வயதில்தான் வருகிறது என்றால் வருஷத்துக்கு 4.5 சதவீதம். இரண்டு பேட்டைகளின் தண்ணீரும் சாக்கடையும் எப்படி இருக்கின்றன என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் எண் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. வயதான மரத்தின் வளையங்கள் எந்த வருஷம் மழை பெய்தது என்று சொல்வது போல, நாற்பது வயதுக்காரரின் ஆன்டிபாடி அவர் குழந்தையாக இருந்தபோது குடித்த தண்ணீரைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசும். இன்றைய குழாயைப் பற்றி அறிய வேண்டுமானால் இரண்டு, மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளின் ரத்தம் வேண்டும். ஒரு வயதுக்குள் எடுத்தாலும் பிழை வரும். அம்மாவிடமிருந்து வந்த ஆன்டிபாடி அதுவரை குழந்தையின் ரத்தத்தில் இருக்கலாம்.

தில்லிக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி வரலாறு உண்டு. 1955-ல் மழைக்காலம் கழிந்து யமுனையில் பெரிய வெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்தபோது ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டது. வஜீராபாதில் நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் இடத்துக்குக் கீழே ஆற்றில் கலக்க வேண்டிய நஜஃப்கட் சாக்கடை, மேல்நோக்கி வந்து நீர் எடுக்கும் வாயிலிலேயே சேர்ந்தது. விஷயம் தெரிந்து பொறியாளர்கள் குளோரினையும் படிகாரத்தையும் கூட்டிப் போட்டார்கள். பாக்டீரியா செத்தது. டைபாய்டு கூடவில்லை. ஆனால் 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலுமாக ஏறக்குறைய 29,300 பேருக்குக் காமாலை வந்தது. கர்ப்பிணிகளிடையே சாவு அதிகமாக இருந்ததையும் அன்றைய மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். ‘தொற்றுக் காமாலை’, அதாவது இன்று நாம் ஹெபடைடிஸ் ஏ என்று சொல்வது என்றே அது பல ஆண்டுகள் புத்தகங்களில் இருந்தது.

அப்போது எடுத்த சீரம் மாதிரிகளில் சில பத்திரமாக உறைநிலையில் இருந்தன. ஏ வைரஸை முதன்முதலாக எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டது 1973-ல். அதற்குப் பிறகுதான் ஆன்டிபாடி பரிசோதனை வந்தது. புணேயின் தேசிய வைராலஜி நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து தில்லியின் பழைய சீரத்தையும், பின்னால் அகமதாபாத், புணே பரவல்களில் எடுத்ததையும் சோதித்து 1980-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த நோயாளிகளுக்கு ஏ-க்கான பழைய ஆன்டிபாடி முன்பே இருந்தது, புதிய தொற்றின் அடையாளம் இல்லை. அவர்களைப் படுக்கவைத்தது வேறொரு வைரஸ். பின்னாளில் அதற்கு ஹெபடைடிஸ் இ என்று பெயர் வந்தது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். 1955-ல் தில்லியில் படுத்தவர்கள் பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள் இருந்த இளைஞர்கள். அந்த வயதினர் ஏறக்குறைய எல்லாரும் குழந்தையிலேயே ஏ தொற்றித் தேறியவர்கள் என்ற தகவல் அன்று கையில் இருந்திருந்தால், இது ஏ ஆக இருக்க முடியாது என்று முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கலாம். கர்ப்பிணிகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் சேர்ந்தே கிளம்பியிருக்கும். வயதுவாரிக் கணக்கு வெறும் புள்ளிவிவரம் இல்லை, அடுத்த பரவல் வரும்போது எந்த வைரஸைச் சந்தேகிக்க வேண்டும் என்று சொல்லித்தரும் வழிகாட்டி அது.

அப்படியானால் இன்றைய தில்லியின் கோடு எப்படி இருக்கிறது? வந்த ஆய்வுகளைப் படித்தால் முதலில் குழப்பமே மிஞ்சும். தில்லியில் செய்த ஓர் ஆய்வு 2000-ல் வெளியானது. நகரத்தில் இந்த நோயின் போக்கு ஐரோப்பிய நாடுகளைப் போல மாறிவருகிறது என்றது அது. அதாவது, இளம் வயதில் பலருக்கு ஆன்டிபாடி இல்லை. 2003-ல் வெளியான இன்னொரு ஆய்வு, அதுவும் தில்லிதான், பள்ளிப் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்து, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆன்டிபாடி இருக்கிறது, ஆகவே எல்லாருக்கும் தடுப்பூசி தேவையில்லை என்றது. ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே காலம். யாரும் பொய் சொல்லவில்லை. வேறு வேறு மனிதர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள், அவ்வளவுதான். புணேயில் 1982 முதல் 1998 வரை பார்த்தவர்கள் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். நகரத்தில் வசதியான குடும்பங்களில் ஆன்டிபாடி தெளிவாகக் குறைந்திருந்தது, வசதி குறைந்தவர்களிடமும் கிராமங்களிலும் அவ்வளவு மாறவில்லை.

தில்லித் தமிழர்களுக்கு இதைப் புரியவைக்க வேறு ஊருக்குப் போக வேண்டாம். மயூர் விஹார் முதல் பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் திரிலோக்புரியும் அக்கம்பக்கம். இரண்டிலும் தமிழ் கேட்கும். நெருக்கடி நிலைக் காலத்தில் குடிசைகளை அகற்றிக் கொண்டுவந்து விட்ட மறுகுடியமர்வுப் பேட்டைகளில் ஒன்று திரிலோக்புரி. விழுப்புரம், சேலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே வளர்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்கள் பலர் சாலையைத் தாண்டி அடுக்குமாடிகளில் சமைக்கிறார்கள், பாத்திரம் தேய்க்கிறார்கள்.

அந்தச் சந்துகளில் தண்ணீர் வரும் நேரத்தில் போய் நின்றால் இந்த வைரஸ் நுழையும் வழி கண்ணுக்குத் தெரியும். சந்தின் ஓரத்தில் திறந்த சாக்கடை. அதற்குள்ளேயே, சில இடத்தில் அதை ஒட்டி, வீட்டுக்கு வீடு பிரியும் அரை அங்குலக் குழாய்கள். இணைப்பில் சணலும் ரப்பர் துண்டும் சுற்றிக் கட்டியிருக்கும். நாளெல்லாம் தண்ணீர் ஓடாது, ஒன்றிரண்டு மணி நேரம்தான். மீதி நேரத்தில் குழாய் காலியாகக் கிடக்கும்போது, ஓட்டை வழியே சாக்கடை நீர் உள்ளே கசியும். தண்ணீர் வந்தவுடன் டுல்லு பம்ப் போடுகிற சத்தம் வரிசையாகக் கிளம்பும். மோட்டார் வைத்து உறிஞ்சினால்தான் மாடிக்கு ஏறும், வேறு வழியில்லை. ஆனால் அந்த உறிஞ்சலில் பக்கத்து வீட்டுக் குழாயில் அழுத்தம் சுழியத்துக்கும் கீழே இறங்கி, ஓட்டை வழியே இன்னும் சாக்கடையை இழுத்துக்கொள்ளும். “முதல்ல வர்ற தண்ணிய விட்ருவோம், கருப்பா வரும்” என்பது அங்கே எல்லா வீட்டிலும் கேட்கிற பேச்சு. நாற்றம் போனதும் குடத்தை வைக்கிறார்கள். வைரஸுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை.

அங்கே வளரும் பிள்ளை மூன்று நான்கு வயதில் தொற்றி, ஒருவருக்கும் தெரியாமல் தேறிவிட வாய்ப்பு அதிகம். எதிரே ஆறாவது மாடியில் வளரும் பிள்ளைக்கு ஆர்.ஓ. தண்ணீர், மூடிய கழிவறை, பள்ளிக்கும் வீட்டுப் பாட்டில். பதினேழு வயதில் கல்லூரி கேன்டீனிலோ, கோல்கப்பா (பானிபூரி) தண்ணீரிலோ முதல் முறையாக வைரஸைச் சந்திக்கும், அப்போது காமாலையாக வரும். இந்த இரண்டு பிள்ளைகளின் ரத்தத்தையும் ஒரே பட்டியலில் போட்டுச் சராசரி எடுத்தால் 60, 65 என்று ஏதோ ஒரு சதவீதம் வரும். அது இவர்கள் இருவரில் யாரைப் பற்றியும் உண்மை சொல்லாது. ஜங்புராவில் பாராபுலா நாலா என்ற சாக்கடைக் கால்வாய் ஓரம் இருந்த மதராசி கேம்ப் 2025 ஜூனில் இடிக்கப்பட்டு, அங்கிருந்தவர்களில் ஒரு பகுதியினர் நரேலாவுக்கு மாற்றப்பட்டார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் நாலா ஓரத்தில் வளர்ந்தவன், தங்கை நரேலாவின் மாடி வீட்டில் வளரப்போகிறவள் என்ற நிலையை இது உண்டாக்கியிருக்கிறது. வட்டாரம் என்பது கூட நிலையான விஷயம் இல்லை.

தில்லிக்குப் புதிதாக வருபவர்கள் இந்தக் கணக்கை இன்னும் சிக்கலாக்குகிறார்கள். பழைய ராஜேந்திர நகரிலும் கரோல் பாகிலும் யுபிஎஸ்சி பயிற்சிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கும் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறுக்கு எட்டு அறையில் இரண்டு பேர், மெஸ் சாப்பாடு, தள்ளுவண்டி ஜூஸ், கேன் தண்ணீர். இவர்களில் ஒருவருக்கு ஆன்டிபாடி இருந்தால் அது அவர் பிறந்த ஊர்த் தண்ணீரின் சாட்சி, தில்லியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆன்டிபாடி இல்லாமல் வந்தவர்தான் இங்கே மாட்டுகிறார். தொற்றியதிலிருந்து காமாலை தெரிவதற்கு 15 முதல் 50 நாள் ஆகும், சராசரி 28. முதல்நிலைத் தேர்வுக்கு முன் படுத்த பையன், முந்தின நாள் சாப்பிட்ட பரோட்டாவைக் குறை சொல்கிறான். காரணம் முந்தின மாதத்தில் இருக்கிறது. அவன் மலத்தில் வைரஸ் அதிகம் வெளியேறுவது கண் மஞ்சளாவதற்கு முந்தைய ஒன்றிரண்டு வாரத்தில். அவன் படுக்கும் நேரத்தில் அதே மெஸ்ஸில் அடுத்த வரிசைக்குத் தொற்றியிருக்கும்.

பதிவேட்டுக் கணக்கில் இன்னொரு ஓட்டையும் உண்டு. காமாலை வந்தால் பலர் ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை. நம்மவர்கள் ஊரிலிருந்து கீழாநெல்லியை வரவழைத்து அரைத்துக் கொடுக்கிறார்கள். தில்லியில் வளர்ந்த குடும்பம் என்றால் சின்னச் சின்னக் குச்சிகளைக் கோத்த மாலையைத் தலையில் போட்டுக்கொண்டு, அது நீண்டு இறங்க இறங்கக் காமாலையும் இறங்குகிறது என்று நம்புகிறது. ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே தேறிவிடுகிற நோய். அதனால் எதைப் போட்டாலும் அதற்குப் பேர் கிடைத்துவிடுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களிலும் பலருக்குக் காமாலையின் அளவைக் காட்டும் பிலிரூபின் மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள், ஏ-யா இ-யா என்று பிரிக்கும் ஐஜிஎம் சோதனை செய்வதில்லை. 2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் பரவல் வெடித்த இடங்களைப் பதிவு செய்கிறது. அது அவசியமான வேலை. ஆனால் வெடிக்காமல் குழந்தைகளுக்குள் சத்தமில்லாமல் ஓடும் தொற்று அதன் கண்ணில் படாது.

தில்லியின் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் 1999 முதல் 2003 வரை கடும் ஹெபடைடிஸோடு வந்தவர்களைப் பார்த்த ஆய்வில், வளர்ந்தவர்களிடையே ஏ-யின் பங்கு ஏறக்குறைய 3 சதவீதத்திலிருந்து 12 சதவீதம் வரை ஏறியது. இதுவும் நோயாளிகளுக்குள் எடுத்த பங்குதான், ஊரின் அளவு அல்ல. இருந்தாலும், மேலே போட்ட காகிதக் கணக்கு நடப்பாகிவருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான மணி அடிக்க முடியாது. இந்தியாவில் குழந்தைகளுக்குத் திடீரெனக் கல்லீரல் செயலிழப்பதற்கு முதல் காரணமாக இருப்பதும் இதே வைரஸ்தான் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். தில்லி போன்ற ஊரில் அபூர்வமான சிக்கல் கூட எண்ணிக்கையில் சின்னதாக இருக்காது.

இப்படி ஒரு கணக்கெடுப்பை நடத்த முடியாதா என்றால், இதே தில்லி நடத்திக் காட்டியிருக்கிறது. கொரோனா காலத்தில் 2020 ஜூன் இறுதியிலும் ஜூலையிலும் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் தில்லி அரசோடு சேர்ந்து 21,387 பேரின் ரத்தத்தைச் சோதித்து 23.48 சதவீதம் பேருக்குக் கொரோனா ஆன்டிபாடி இருக்கிறது என்று சொன்னது. 2021 ஜனவரியில் அன்றிருந்த 272 வார்டுகளிலிருந்தும் ஏறக்குறைய 28,000 மாதிரிகள் எடுத்தார்கள், 56.13 சதவீதம் வந்தது. வீடு வீடாகப் போக ஆள் இருந்தது, குளிர்ப்பெட்டி இருந்தது, லேப் இருந்தது, வார்டுவாரியாகப் பிரிக்கும் முறையும் இருந்தது. ‘சீரோ சர்வே’ என்ற வார்த்தை ஆட்டோ ஓட்டுநர் வரை தெரிந்தது. மஞ்சள் காமாலைக்கு அதில் பாதி முயற்சி போதும். ஒரு வயதுக் குழுவில் 5 சதவீதப் பிழைக்குள் விடை வேண்டுமென்றால் ஏறக்குறைய 400 மாதிரிகள் வேண்டும். வார்டு வார்டாகக் கொத்துக் கொத்தாக எடுப்பதால் அதை இரட்டிப்பாக்கலாம். வயதுக் குழுக்கள் ஐந்து, குடியிருப்பு வகைகள் மூன்று என்று வைத்தாலும் 12,000-ஐத் தாண்டாது. விரல் நுனியில் குத்தி வடிகட்டித் தாளில் உலர வைத்த ரத்தச் சொட்டே இந்தச் சோதனைக்குப் போதும் என்பதால், இரண்டு வயதுக் குழந்தையின் கையில் ஊசியேற்றி அம்மாக்களைப் பயமுறுத்த வேண்டியதும் இல்லை.

கணக்கு தெரிந்து என்ன செய்யப்போகிறோம்? தடுப்பூசி முடிவு முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. எல்லாரும் ஐந்து வயதுக்குள் தொற்றித் தேறிவிடுகிற ஊரில் பொதுத் தடுப்பூசிக்குச் செலவழிப்பதில் அர்த்தம் குறைவு. நடுத்தர நிலைக்கு இறங்கிவிட்ட ஊரில், பெரிய பிள்ளைகளிலும் வளர்ந்தவர்களிலும் நோய் கூடுகிறது என்றால், ஒரு வயது நிறைந்த குழந்தைகளுக்கு அட்டவணையில் சேர்க்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரை. அர்ஜென்டினா 2005-ல் ஒரு வயதில் ஒரே ஊசி என்று தொடங்கியது. சில வருஷங்களில் நோய் பெருமளவு விழுந்தது, இந்த வைரஸால் குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்றும் நிலையும் நின்றது. இந்தியாவில் அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் ஏ இல்லை. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கிறது, தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திய ஒற்றை ஊசியும் உண்டு, ஆறு மாத இடைவெளியில் இரண்டாகப் போடும் செயலிழக்கச் செய்த வகையும் உண்டு. அந்த இரண்டாவது வகையில் உள்நாட்டிலேயே உருவாக்கிய ஊசி 2024 ஜனவரியில் சந்தைக்கு வந்தது.

இன்றைய ஏற்பாட்டில் மயூர் விஹார் மாடிக் குழந்தைக்கு ஊசி கிடைக்கிறது, அது நியாயம்தான், அதற்குத்தான் இயற்கைப் பாதுகாப்பு இல்லை. ஆனால் திரிலோக்புரியில் போன வருஷம் புதுக் குழாய் போட்ட சந்தில் வளரும் குழந்தைக்கு இயற்கைத் தொற்றும் தள்ளிப்போகிறது, ஊசி வாங்கக் காசும் இல்லை. இருபது வருஷம் கழித்து அதிகம் நோய்ப்படப்போவது அந்தக் குழந்தைதான். அவளைக் கண்டுபிடிக்க வேறு கருவி கிடையாது, வயதுவாரிக் கணக்கெடுப்பு ஒன்றுதான் உண்டு.

தடுப்பூசி பரவப் பரவ அந்தக் கணக்கெடுப்பும் கடினமாகும். சாதாரண எலைசா தட்டுக்கு, ஊசியால் வந்த ஆன்டிபாடிக்கும் சாக்கடையால் வந்ததற்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே கணக்கெடுப்புப் படிவத்தில் தடுப்பூசி அட்டையைக் கேட்டுப் பார்த்து எழுதும் கட்டம் கட்டாயம் வேண்டும். அதோடு வயது, வார்டு, தில்லிக்கு வந்து எத்தனை வருஷம், அதற்கு முன் எந்த ஊர், குடிக்கும் தண்ணீர் குழாயா டேங்கரா கேனா, தண்ணீர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வருகிறது, வீட்டில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்களா என்ற கேள்விகளும் வேண்டும். ஊசி இன்னும் பரவலாகாத இந்தச் சில வருஷங்களில் முதல் கணக்கை எடுத்துவிட்டால், பின்னால் எடுக்கும் ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.